125 சிசி ஸ்கூட்டரில் ஷிகோகு தீவைச் சுற்றி வர ஒரு முழுமையான வழிகாட்டி

125 சிசி ஸ்கூட்டருக்கு ஜப்பானின் விரைவுச்சாலைகளில் இடமில்லை. இந்தப் பயணத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே அதுதான். விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் பெரும்பாலும் சுரங்கப்பாதையையும் ஒலித்தடுப்புச் சுவரையும்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதில் ஏற முடியாத வண்டிக்கு மீன்பிடித் துறைமுகத்தையும் ஆரஞ்சுத் தோட்டத்தையும் ஒட்டிப் போகும் பழைய சாலைதான் கதி. அந்தச் சாலைகளுக்காகவே போக வேண்டிய இடம் ஷிகோகு.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் இதுதான் சிறியது. ககாவா, தோகுஷிமா, கோச்சி, எஹிமே என்று நான்கே மாகாணங்கள். ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயில் இங்கே வரவில்லை. தெற்கே பசிபிக் கடல், வடக்கே செத்தோ உள்கடல், நடுவில் மலை. பௌத்தத் துறவி கூக்காயின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றும் யாத்திரை, சுமார் 1,200 கி.மீ. தூரத்துக்கு இந்தத் தீவைச் சுற்றித்தான் நடக்கிறது. அதனால் வெளியூர்க்காரர் மூட்டையோடு வந்து நிற்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஸ்கூட்டரில் வருகிறவருக்கும் அந்த வரவேற்பில் பங்கு கிடைக்கும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

ஜப்பானில் இருசக்கர வண்டியை எஞ்சின் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் சட்டம் வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

50 சிசி வரை முதல் வகை. வெள்ளை நம்பர் பிளேட். வேகம் மணிக்கு 30 கி.மீ.தான், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. மூன்று வழித்தடமும் அதற்கு மேலும் உள்ள சிக்னல் சந்திப்பில் நேராக வலப்பக்கம் திரும்பவும் முடியாது. இடது ஓரமாகவே எதிர்ப்பக்கம் போய் நின்று, அந்தப் பக்கத்துச் சிக்னல் விழுந்த பிறகுதான் நகர வேண்டும். இதில் தீவைச் சுற்ற நினைக்காதீர்கள்.

51 முதல் 125 சிசி வரை இரண்டாம் வகை. 90 வரை மஞ்சள் பிளேட், அதற்கு மேல் இளஞ்சிவப்பு. சாதாரணச் சாலையில் கார்களுக்குள்ள அதே 60 கி.மீ. வரம்பு, வழக்கமான வலத் திருப்பம். நமக்கு வேண்டியது இதுதான். ஒரு எச்சரிக்கை: 2025 ஏப்ரல் முதல், திறனை 4 கிலோவாட்டுக்குள் கட்டுப்படுத்திய 125 சிசி வண்டிகளும் முதல் வகையில் சேர்ந்துவிட்டன. பார்வைக்கு 125 மாதிரியே இருக்கும், ஆனால் 30 கி.மீ. சட்டம்தான் அதற்கும். வாடகைக் கடையில் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் சரி.

126 சிசிக்கு மேல் எடுத்தால் விரைவுச்சாலையில் போகலாம். ஆனால் இந்த வழிகாட்டியின் உயிர்நாடியான, ஹோன்ஷு பெருந்தீவையும் ஷிகோகுவையும் இணைக்கும் ஷிமானாமி பாலங்களின் ஓரப்பாதையில் அந்த வண்டிகளை விட மாட்டார்கள். அதனால் 125தான் என் முடிவு.

ஹோண்டா பிசிஎக்ஸ், யமஹா என்மேக்ஸ் இரண்டும் நீண்ட தூரத்துக்கு வசதி. பிசிஎக்ஸ் டேங்க் 8.1 லிட்டர், சீட்டுக்கு அடியில் 30 லிட்டர் இடம். சுசூகியின் அட்ரஸ் 125, பர்க்மேன் ஸ்ட்ரீட் இரண்டும் இந்தியத் தொழிற்சாலையிலிருந்தே ஜப்பானுக்குப் போகின்றன. ஊரில் அந்த வண்டி ஓட்டியவருக்குக் கைக்குப் பழகிய பிரேக்கும் ஸ்விட்சும் கிடைக்கும். ஹோண்டாவின் சூப்பர் கப் 110 அழகான வண்டி, ஆனால் டேங்க் 4.1 லிட்டர்தான், காலால் கியரும் போட வேண்டும். மலைச்சாலையில் பெட்ரோல் கவலையில்லாமல் போக விரும்புகிறவர்களுக்கு பிசிஎக்ஸ்தான் என் சிபாரிசு.

உரிமம்

ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டை மட்டுமே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இந்தியாவில் உங்கள் ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும், பரிவாகன் தளத்திலும் தொடங்கலாம். கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இருசக்கர வண்டிக்கான 'ஏ' பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா? கார் பிரிவில் மட்டும் குத்தியிருந்தால் ஜப்பானில் எந்தக் கடையும் ஸ்கூட்டர் தராது. தந்தாலும் நீங்கள் ஓட்டுவது உரிமமில்லாமல் ஓட்டுவதாகும், இன்சூரன்ஸும் நிற்காது. முத்திரை இல்லையென்றால் அலுவலகத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே கேளுங்கள்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் உரிமம் எடுத்த தமிழர்களுக்கு வழி வேறு. அவர்கள் தங்கள் நாட்டு உரிமத்தோடு அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பை வைத்திருக்க வேண்டும். ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜாஃப் அதைச் செய்து தரும்.

மூல உரிமம், சர்வதேசச் சீட்டு, பாஸ்போர்ட் மூன்றும் வண்டி ஓட்டும் நேரமெல்லாம் உடம்போடு இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

எப்போது போவது

ஷிகோகுவில் மழைக்காலம் ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடு வரை. அதன்பின் அக்டோபர் வரை புயல் பருவம், கோச்சி கரை நேராக அதன் வாய்க்குள் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களை நினைக்கும் ஓபோன் விழா. இந்த இரண்டு சமயமும் அறை கிடைக்காது. குளிர்காலத்தில் கடற்கரை ஓட்டத்தக்கதுதான், ஆனால் இயா பள்ளத்தாக்கும் உயர மலைச்சாலைகளும் உறைந்துவிடும், சில சாலைகள் மூடியே இருக்கும். மிச்சம் இருப்பது ஏப்ரல் நடு, கோல்டன் வீக் முடிந்த மே, அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் நடு வரை. எனக்குப் பிடித்தது மே. கோச்சியில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஒரு நாளில் இரண்டு மணி நேர ஓட்டம் போய்விடும்.

வாடகை, இன்சூரன்ஸ்

ஹிரோஷிமா, மட்சுயாமா, தகமட்சு நகரங்களில் வாடகைக் கடைகள் உண்டு. ரென்டல்819, ஹோண்டா கோ போன்ற சங்கிலிக் கடைகளில் இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். நான் இங்கே தரும் பாதை ஹிரோஷிமாவிலிருந்து தொடங்குகிறது. ஷிங்கன்சென்னில் வந்து இறங்கி வண்டி எடுக்க அது வசதி.

ஜிபாய்செகி என்ற கட்டாய இன்சூரன்ஸ் எல்லா வண்டிக்கும் இருக்கும். ஆனால் அது எதிராளியின் உடல் காயத்துக்கு மட்டும்தான். அவர் காருக்கு, கடைச் சுவருக்கு, உங்கள் வண்டிக்கு அது பைசா தராது. ஆகவே பொருள் சேதத்துக்கும் வாடகை வண்டிச் சேதத்துக்கும் உள்ள கூடுதல் காப்பைக் கட்டாயம் எடுங்கள். வண்டி பழுதாகி நிற்கும் நாட்களுக்குக் கடைக்கு வரும் நஷ்டத்தையும் தனியாகக் கேட்பார்கள், அதற்கும் காப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். திருட்டுக் காப்பு தனியா, சேர்ந்ததா என்பதையும்.

வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். பின்பெட்டி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பூட்டும் பெட்டி இருந்தால்தான் கோயிலுக்கு உள்ளே நிம்மதியாகப் போக முடியும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

மழை உடுப்பு நல்லதாக இருக்கட்டும். போன்சோ மாதிரிப் பறக்கும் துணி ஸ்கூட்டரில் ஆபத்து. சட்டையும் பேண்டுமாகத் தனித்தனியாக உள்ளதுதான் சரி. ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். வொர்க்மேன் என்ற தொழிலாளர் உடைக் கடை ஜப்பானில் எல்லா ஊரிலும் இருக்கிறது, நல்ல மழை உடுப்பும் கையுறையும் மலிவாகக் கிடைக்கும். மே மாதமே ஆனாலும் ஆயிரம் மீட்டர் உயரத்தில் குளிர் எலும்பைத் தொடும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கையருகே வையுங்கள். போன் மாட்டும் ஸ்டாண்ட், சார்ஜர் வயர், இணைய சிம்.

காகித வரைபடமும் வாங்குங்கள். டூரிங் மேப்பிள் என்று பைக் ஓட்டுபவர்களுக்காகவே ஒரு வரைபடப் புத்தகம், வட்டார வாரியாக வருகிறது. சுகோகு-ஷிகோகு பதிப்பைக் கேளுங்கள். எழுத்து ஜப்பானியம்தான், ஆனால் சாலை எண்களும் வண்ணக் கோடுகளும் புரியும். மலையில் போன் சிக்னல் போகும்போது அதுதான் துணை.

கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கிராமத்து விடுதி, கோயில் அலுவலகம், பாலத்தின் சுங்கப் பெட்டி எல்லாம் ரொக்கம்தான். செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். 100 யென், 50 யென் நாணயங்களைத் தனிப் பையில் சேர்த்து வையுங்கள். ஏன் என்பது பாலத்தில் தெரியும்.

சாலை விதிகளில் நமக்குப் புதியவை

நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம், அதில் சிரமம் இல்லை. சிரமம் தருபவை சின்னச் சின்ன விஷயங்கள்.

தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் என்றால் முழுதாக நிற்க வேண்டும். மெதுவாக்குவது போதாது. சக்கரம் நின்று, கால் தரையில் பட்டு, இருபக்கமும் பார்த்துவிட்டு நகருங்கள். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் இதேபோல நிற்க வேண்டும். கிராமத்தில் ஒற்றை ரயில் பெட்டி எப்போதாவது போகும் பாதையாக இருந்தாலும் இதுவே சட்டம். சிவப்பு சிக்னலில் இடப்பக்கம் திரும்பும் வழக்கம் கிடையாது. நடுக்கோடு மஞ்சளாக இருந்தால் அதைத் தாண்டி முந்தக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. 2026 செப்டம்பர் முதல், நடுக்கோடு இல்லாத குறுகலான ஊர்ச் சாலைகளில் வேகப் பலகை எதுவும் இல்லையென்றால் 30 கி.மீ.தான் வரம்பு.

இனி, 125 சிசிக்காரர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை: புறவழிச்சாலைகள். தேசிய நெடுஞ்சாலை போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று மேலேறி நமக்குத் தடை உள்ள பைபாஸாக மாறும். ஏறும் இடத்தில் வட்டப் பலகையில் மோட்டார்சைக்கிள் படமும் 125 என்ற எண்ணும் இருக்கும், அல்லது மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் என்ற நீலப் பலகை. போனில் 'நெடுஞ்சாலை தவிர்', 'சுங்கம் தவிர்' இரண்டையும் போட்டாலும் சுங்கமில்லாத பைபாஸை அது தவிர்க்காது. பலகைதான் கடைசி வார்த்தை. சந்தேகம் வந்தால் இடது ஓரத்துக் கிளைச்சாலையில் இறங்கிவிடுங்கள். பழைய சாலை பெரும்பாலும் பைபாஸுக்குக் கீழேயே போகும்.

மலைச்சாலையில் திருப்பங்களில் ஆரஞ்சு நிறச் சட்டமிட்ட குவிகண்ணாடி நிற்கும். அதைப் பார்த்துப் பழகினால் எதிரே வரும் சின்ன டிரக் முன்னமே தெரியும். ஈரமான இலை, பாசி, சாலையின் குறுக்கே போட்ட இரும்புக் கம்பி மூடிகள் மூன்றும் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். பின்னால் கார் சேர்ந்தால் அகலமான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி விடுங்கள். உள்ளூர்க்காரருக்கு அது வேலைக்குப் போகும் பாதை.

சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். ஷிகோகுவில் சுரங்கத்துக்குள் வெள்ளை உடை யாத்ரீகர்கள் நடந்து வருவார்கள், சில சுரங்கங்களில் நடைமேடையே இருக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு

கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணி நேரத்தை வைத்துப் போடுங்கள். கடற்கரைச் சாலையில் நிறுத்தங்களோடு மணிக்கு 30 கி.மீ. சராசரி, மலையில் 20. காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நான்கரைக்கு அடைய வேண்டுமென்றால் 150 கி.மீ. என்பது நிறைவான நாள். இந்தப் பாதை மொத்தம் சுமார் 1,400 கி.மீ. குறைந்தது பத்து நாள் ஓட்டம், மழைக்கு இரண்டு நாள் உபரி. மழை நாளை முன்கூட்டியே ஒதுக்காதவர்கள் மழையிலும் மலையேற வேண்டிவரும்.

பாதை

ஹிரோஷிமாவிலிருந்து தேசியச் சாலை 2ஐ விட்டுவிடுங்கள், லாரியும் பைபாஸும்தான் அதில். 31இல் குரே வரை போய், அங்கிருந்து 185இல் கடலை ஒட்டி தாகேஹாரா, மிஹாரா வழியாக ஓனோமிச்சி. தாகேஹாராவின் பழைய வணிகர் தெருவில் ஒரு மணி நேரம் நடக்கலாம்.

இரண்டாம் நாள்தான் ஷிமானாமி. ஓனோமிச்சியிலிருந்து முகாய்ஷிமா தீவுக்குச் சில நிமிடப் படகு, ஸ்கூட்டரோடு ஏறிக்கொள்ளலாம். அங்கிருந்து தீவு தீவாக ஆறு இடங்களில் பாலம் தாண்டி ஷிகோகுவின் இமாபாரி. 1999இல் முழுதாக இணைந்த பாதை இது. விரைவுச்சாலைப் பாலங்களேதான், ஆனால் ஓரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் 125 சிசி வரையுள்ள வண்டிக்கும் தனிப்பாதை உண்டு. ஷிகோகுவுக்கு வரும் மற்ற இரண்டு பாலவழிகளிலும், அதாவது செத்தோ பாலத்திலும் நருதோ பாலத்திலும், நமக்கு இந்த வசதி இல்லை.

தரையிலுள்ள நீலக்கோடு சைக்கிள்காரர்களுக்கானது. திசை பார்க்க உதவும், ஆனால் பாலத்துக்கு ஏறும் வழி சில இடங்களில் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் வேறு வேறு. ஸ்கூட்டர் படம் போட்ட பலகையைத் தேடுங்கள். ஆளில்லாத சுங்கப் பெட்டி பாலத்தோரம் நிற்கும், 50 யென் முதல் 200 யென் வரை கேட்கும், சில்லறை தராது. கையுறையைக் கழற்றி நாணயம் போட்டுவிட்டு நீங்களாகவே போய்விட வேண்டியதுதான். இன்னோஷிமா பாலத்தில் நம் பாதை கார்கள் போகும் தளத்துக்கு அடியில் போகிறது; தலைக்கு மேல் டயர் தடதடக்க, கம்பி வலைக்கு அப்பால் கப்பல் போவது தெரியும். தாதாரா பாலத்தின் நடு இடைவெளி 890 மீட்டர். கடைசியில் குருஷிமா, மூன்று தொங்குபாலங்கள் அடுத்தடுத்து, மொத்தம் ஏறக்குறைய 4 கி.மீ. கீழே நீரோட்டம் சுழித்து ஓடுவது கண்ணுக்கே தெரியும். பாலத்தில் பக்கக் காற்று பலம், வண்டியை இறுக்கிப் பிடிக்காமல் மெதுவாகப் போங்கள். வழியில் இகுச்சி தீவின் எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் ஓமிஷிமாவின் ஓயாமாஸுமி கோயிலுக்கும் நேரம் விடுங்கள்.

இமாபாரியிலிருந்து 196இல் மட்சுயாமா. அங்கே தோகோ வெந்நீர் ஊற்றின் பழைய கட்டடம், 1894இல் கட்டியது, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2024 ஜூலையில் முழுதாகத் திறந்தது. குளத்தில் இறங்கும் முன் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். அதுதான் எல்லா வெந்நீர்க் குளியலுக்கும் முதல் மரியாதை.

மூன்றாம் நாள் 378 சாலை. கடல்சுவரை ஒட்டியே போகும். ஷிமோநாடா ரயில் நிலையத்தில் நடைமேடைக்கு எதிரே வேறொன்றும் இல்லை, கடல்தான். உவாஜிமாவில் தங்கலாம். நேரம் இருந்தால் யூசு மிஸுகாவுரா போங்கள். கடல் மட்டத்திலிருந்து மலை முகடு வரை கல்லடுக்கி வரப்பு கட்டி உருளைக்கிழங்கு போடுகிறார்கள்.

அடுத்து 56, பிறகு 321, ஆஷிசூரி முனை. ஷிகோகுவின் தெற்கு நுனி அது. 38ஆம் கோயிலான கோங்கோஃபுகுஜி இங்கே இருக்கிறது. முந்தைய கோயிலிலிருந்து 80 கி.மீ.க்கு மேல் நடந்துதான் யாத்ரீகர்கள் இங்கே வருகிறார்கள். வாசலில் காலணி கழற்றும் முகங்களைப் பார்த்தாலே அந்தத் தூரம் தெரியும்.

ஷிமாந்தோ ஆற்றுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 196 கி.மீ. நீளமுள்ள ஆறு. 441இல் ஏறி எகாவாசாகி, அங்கிருந்து 381இல் குபோகாவா. இந்த ஆற்றின் அடையாளம் கைப்பிடிச் சுவரே இல்லாத தாழ்ந்த பாலங்கள். வெள்ளம் வந்தால் பாலம் முழுகிவிடும். கைப்பிடி இருந்தால் அடித்து வரும் மரங்கள் அதில் சிக்கிப் பாலத்தையே பெயர்த்துவிடும் என்பதால்தான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். கடலுக்கு மிக அருகிலுள்ள சாதா பாலம்தான் நீளமானது, 290 மீட்டருக்கு மேல். ஏறும் முன் வண்டியை நிறுத்தி எதிர்க்கரையைப் பாருங்கள். அங்கே கார் நின்றால் காத்திருங்கள், பாலத்தில் இரண்டுக்கு இடமில்லை. பிறகு நடுவிலேயே, பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் மறுகரையில் வைத்து, நிதானமாகப் போங்கள். ஓரத்தைப் பார்த்தால் வண்டி ஓரத்துக்கே போகும். காற்று பலமாக இருந்தால் தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது. பாலத்தின் மேல் நின்று படம் எடுக்க வேண்டாம். கரையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள், தண்ணீருக்கடியில் கூழாங்கல் வரை தெரியும்.

கோச்சிக்கு சனிக்கிழமை போய்ச் சேரும்படி நாட்களை அமையுங்கள். அங்கே ஞாயிற்றுச் சந்தை 1690இலிருந்து நடக்கிறது, கோட்டைக்கு முன்னால் ஒரு கி.மீ. நீளத்துக்கு. இஞ்சி விளைச்சலில் ஜப்பானிலேயே முதலிடம் இந்த மாகாணத்துக்கு, சந்தையில் இஞ்சி குவிந்து கிடக்கும்.

பிறகு 55இல் முரோதோ முனை. 2011இலிருந்து உலகப் புவிப்பூங்கா, 2015இலிருந்து யுனெஸ்கோவின் பெயரில். பெரிய நிலநடுக்கம் வரும் ஒவ்வொரு முறையும் இந்தத் தரை உயர்ந்திருக்கிறது. பழைய கடலடிப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. முனையைத் தாண்டினால் வடக்கே நெடுந்தூரம் ஒருபக்கம் மலை, ஒருபக்கம் கடல், கடை கிடையாது. முரோதோவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். கான்னோவுரா பக்கம் தண்டவாளத்திலும் சாலையிலும் ஓடும் பஸ் ஒன்றைப் பார்க்கலாம், 2021 டிசம்பரில் தொடங்கிய சேவை அது. இரவு ஹிவாசாவில்.

தோகுஷிமா வழியாக 192இல் யோஷினோ ஆற்றை ஒட்டி மேற்கே போய், ஓபோகே, இயா. இயாவுக்கு இரண்டு நாள். கொடிப்பாலத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள், உள்ளே பாதுகாப்புக்கு எஃகுக் கயிறும் ஓடுகிறது. இங்கிருந்து தேசியச் சாலை 439இல் கிழக்கே போனால் நாகோரோ என்ற குக்கிராமம். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் பதிலாக ஆளுயரப் பொம்மைகள் வயலோரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. 2012இல் மூடிய பள்ளிக்கூடத்திலும் பொம்மைப் பிள்ளைகள். வண்டிச் சத்தத்தைக் குறைத்துப் போங்கள், மனிதர்களும் அங்கே வாழ்கிறார்கள்.

439 பெயரளவில்தான் தேசியச் சாலை. தோகுஷிமாவிலிருந்து ஷிமாந்தோ வரை ஏறக்குறைய 350 கி.மீ., பல இடங்களில் ஒரு கார் மட்டும் போகும் அகலம். மேற்கே கியோபாஷிரா கணவாய் 1,100 மீட்டருக்கு மேல். நல்ல வெயில் நாளில் மட்டும் ஏறுங்கள். முந்தின நாள் பலத்த மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள், கல்லும் கிளையும் சாலையில் கிடக்கும். தொடர் மழை குறிப்பிட்ட மில்லிமீட்டரைத் தாண்டினால் மலைச்சாலையை மூடும் வழக்கமும் உண்டு, அந்த அளவை ஓரத்துப் பலகையிலேயே எழுதியிருப்பார்கள்.

இறங்கி வந்தால் கோதோஹிரா, கோன்பிரா கோயிலுக்கு 785 படி. அப்புறம் 11 சாலையில் சாய்ஜோ வழியாக இமாபாரி. 11இல் போக்குவரத்து அதிகம், ரசிக்க ஒன்றுமில்லை, ஓட்டி முடித்துவிடுங்கள். சாய்ஜோவில் மட்டும் நில்லுங்கள். பூமியிலிருந்து தானாகப் பொங்கும் நல்ல தண்ணீர், பொதுக் குழாய்களில் இலவசம்.

பெட்ரோல்

டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். கிராமத்து பங்க் மாலை ஆறுக்கே மூடும், ஞாயிறு விடுமுறை. ரெகுலர் பெட்ரோல் சிவப்பு நிறக் குழாய், உயர்ரகம் மஞ்சள், டீசல் பச்சை. ஆள் இருக்கும் பங்கில் 'ரெகியுரா மான்டான்' என்றால் போதும், ரெகுலர் ஃபுல் டேங்க் என்று பொருள். சுயசேவை பங்கில் குழாயைத் தொடும் முன் பக்கத்திலுள்ள கறுப்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காக. லிட்டர் 150 முதல் 180 யென் வரை என்று வையுங்கள். லிட்டருக்கு 40 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு முழுப் பயணத்துக்கும் 35 லிட்டர்தான், மொத்தச் செலவில் இது சிறு பங்குதான்.

சாப்பாடும் தங்கலும்

மிச்சி நோ எகி என்ற சாலையோர நிலையங்கள் 1993இல் 103 இடங்களோடு தொடங்கி இன்று 1,200ஐத் தாண்டிவிட்டன. கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் 24 மணி நேரமும் இலவசம். உள்ளே காய்கறிப் பையிலேயே விளைவித்தவரின் பெயர் ஒட்டியிருக்கும். எஹிமேயில் ஆரஞ்சு வகைகள், கோச்சியில் யூசு என்ற எலுமிச்சை வகையின் சாறு வாங்குங்கள். ஐந்து மணி வாக்கில் கடைகள் மூடிவிடும்.

சைவர்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஊதோன் என்ற தடித்த நூடுல்ஸ், மிசோ சூப், காய்க்கறி எல்லாவற்றிலும் உலர்மீன் சாறு கலந்திருக்கும். மீன் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் சைவம் என்று நினைக்காதீர்கள். ககாவாவின் ஊதோன் கடைகளில் ரசம் இல்லாமல் வெறும் சோயா சாஸ் ஊற்றித் தரும் வகை உண்டு, அந்த சாஸிலேயே மீன்சாறு இருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். புளிப்பு உமே ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, பழம், ரொட்டி, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். நகரங்களில் நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கோச்சியில் வைக்கோல் தீயில் வாட்டிய சூரை மீன். ககாவா ஊதோன் கடைகள் பிற்பகல் இரண்டுக்கே மூடிவிடும், காலையிலேயே போங்கள்.

நகரத்தில் பிசினஸ் ஹோட்டல், 6,000 முதல் 10,000 யென். கிராமத்தில் மின்ஷுகு, குடும்பம் நடத்தும் விடுதி. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து 8,000 முதல் 12,000 யென். ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், ஆறுக்குச் சாப்பாடு. நீங்கள் ஒருவர் வருவீர்கள் என்று அந்த வீட்டம்மா மீன் வாங்கிச் சமைத்துவைத்திருப்பார். தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும், வாசலில் வந்து சொல்லாதீர்கள்.

88 யாத்திரைக் கோயில்களின் முத்திரை வாங்க விரும்புகிறவர்களுக்கு: 2024 ஏப்ரல் முதல் அலுவலக நேரம் காலை 8 முதல் மாலை 5.

ஏதாவது ஆனால்

போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. சின்னக் கீறலாக இருந்தாலும் போலீஸைக் கூப்பிடுங்கள். போலீஸ் பதிவு இல்லாமல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வேண்டிய விபத்துச் சான்று கிடைக்காது. எதிராளி 'பரவாயில்லை, போகலாம்' என்றாலும் கூப்பிடுங்கள். பிறகு வாடகைக் கடை. வண்டி நின்றுபோனால் ஜாஃப் இருக்கிறது, எண் #8139.

கோச்சி கரையில் நிலம் குலுங்கினால் யோசிக்க வேண்டாம், உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். குரோஷியோ ஊருக்கு 34 மீட்டர் வரை சுனாமி வரலாம் என்று 2012இல் அரசு மதிப்பிட்டது. சுனாமி எட்டும் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சாலைப் பலகைகள் சொல்லும், தஞ்சக் கோபுரங்களும் அம்புக்குறிகளும் உண்டு. ஒவ்வொரு இரவும் விடுதியில் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பரைப் பார்த்த கரைகளிலிருந்து வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திரும்பக் கொடுப்பது

இமாபாரியிலிருந்து மீண்டும் பாலங்கள் வழியாக ஓனோமிச்சி. ஹிரோஷிமாவுக்கு முந்தின இரவு மிஹாராவிலோ தாகேஹாராவிலோ தங்கிவிடுங்கள், கடைசி நாள் நகர நெரிசலில் அவசரம் வேண்டாம். கடைக்கு அருகிலுள்ள பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்திருங்கள், கேட்பார்கள். பின்பெட்டியின் அடியிலும் சீட்டுக்குக் கீழேயும் ஒருமுறை கைவிட்டுத் தேடிவிட்டு, மறுபடி நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சாவியைக் கொடுங்கள்.